வாசகர் கேள்வி பதில்: பானெட்டுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் விடலாம்?

ஆயுத பூஜை நெருங்கிவிட்டதாலோ, ஆண்டு இறுதி மழைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தாலோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பல எஞ்சின் அறையின் அழுக்கைப் பற்றியே கேட்கின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நெடுங்காலம் பட்டறையில் நின்று பழகியவன் என்பதால் என் சொந்த விருப்பு வெறுப்பும் சில பதில்களில் கலந்திருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் காருக்கு ஏழு வயதாகிறது. பானெட்டைத் திறந்தால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து எல்லாமே சாம்பல் நிறமாக இருக்கிறது. பூஜைக்கு முன் உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் இயந்திரத்தைக் கொண்டு ஒரே மூச்சில் கழுவிவிட நினைக்கிறேன். இக்காலத்து எஞ்சின்கள் தண்ணீருக்கு அஞ்சாதவை என்று நண்பர்கள் சொல்வது உண்மையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அடைமழையில் விரைவுச்சாலையில் ஓடும் காரின் எஞ்சின் அறைக்குள் கீழிருந்து நிறையத் தண்ணீர் தெறிக்கத்தான் செய்கிறது. அதைத் தாங்குவதற்காகவே மின் இணைப்பிகளுக்கு ரப்பர் அடைப்புகள் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் சக்கரம் வாரி இறைக்கும் நீர் வேறு, 100 பார் அழுத்தத்தில் ஓர் அடி தொலைவிலிருந்து ஊசிபோல் பாயும் நீர் வேறு. அந்த ரப்பரும் ஏழு ஆண்டுகளாக எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிப்போயிருக்கும். புதிதாக இருந்தபோது இறுகப் பிடித்த அடைப்பு இப்போது பிடிக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆகவே நீர் பீய்ச்சும் இயந்திரத்தைச் சக்கரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறைக்குத் துணி, தூரிகை, கையால் அமுக்கும் தெளிப்புக் குப்பி ஆகிய மூன்றே போதும். அரை வாளித் தண்ணீர்கூடச் செலவாகாது.

வேலையைக் காலையில், இரவு முழுவதும் நின்ற காரில் தொடங்குங்கள். ஓட்டி வந்தவுடன் தொடங்குவதாக இருந்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்த் தொகுதி ஓட்டத்தின்போது பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அதன்மீது குளிர்ந்த நீர் பட்டால் உலோகம் விரிசல் காணக்கூடும். டிகிரீசர் எனப்படும் பிசுக்கு நீக்கியும் சூடான பரப்பில் நொடியில் உலர்ந்து, எளிதில் போகாத திட்டுகளை விட்டுச்செல்லும்.

அடுத்தது பாதுகாப்பு. சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள். பொத்தானை அழுத்தி முடுக்கும் காராக இருந்தால் சாவியை வீட்டிலேயே விட்டுவருவது இன்னும் நல்லது. சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதை அறியாமல் விரலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் மின்சாரம் ஆளை அடிக்காது என்றாலும், பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே சிக்கிய மோதிரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பிறகு பேட்டரியின் கழித்தல் முனையை, அதாவது கறுப்புக் கம்பியை, முதலில் கழற்றுங்கள். வேலை முடிந்து பூட்டும்போது அதுவே கடைசியாகப் பூட்டப்பட வேண்டும். கடிகார நேரம் அழிந்துபோகலாம், சன்னல் கண்ணாடி தானாக ஏறி இறங்கும் வசதியை மறுபடியும் பழக்க வேண்டியிருக்கலாம். இவை சிறு தொல்லைகளே. காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் உலர்ந்த வேலை அனைத்தையும் முடித்துவிட வேண்டும். நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் சிற்றிலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையின் வழியாக உள்ளே விழுந்து, அங்குள்ள நீர் வடியும் துளையை அடைத்துவிடுகின்றன. துளை அடைபட்டால் மழைநீர் குளிரூட்டியின் காற்று வழியாகக் காருக்குள் இறங்கும். முன்பயணியின் காலடி விரிப்பு காரணமின்றி ஈரமாக இருப்பதாகப் புலம்பி வந்த பலருக்கு, கைப்பிடி அளவு மக்கிய இலைகளை அள்ளிப் போட்டதோடு நோய் தீர்ந்திருக்கிறது. காய்ந்த இலைகள் புகைக்குழாய்ப் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். இலைகளைக் கையால் பொறுக்கிவிட்டு, தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டபடியே வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். சுவருக்குச் சாயம் அடிக்கும் சாதாரணத் தூரிகையே போதும். ஆனால் அதன் கழுத்தில் இருக்கும் தகரப் பட்டையைச் சுற்றி மின்நாடா ஒட்டிவிடுங்கள். அந்தத் தகரம் பேட்டரி முனையையோ சாயத்தையோ தொடக் கூடாது. இவ்வளவு செய்தாலே அழுக்கில் பெரும்பகுதி போயிருக்கும். பல கார்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பிசுக்கு எஞ்சியிருந்தால் மட்டுமே ஈர வேலைக்கு வாருங்கள். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டரின் காற்று நுழையும் வாய், கணினிப் பெட்டி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள், பேட்டரி ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடி நாடாவால் கட்டுங்கள். இவற்றில் ஆல்டர்னேட்டருக்கு முதலிடம் கொடுங்கள். அது குளிர்வதற்காகவே உடம்பெல்லாம் துளைகளோடு செய்யப்பட்டது என்பதால், பிசுக்கு நீக்கி கலந்த நீர் உள்ளே போனால் அச்சைத் தாங்கும் பேரிங்குகளில் இருக்கும் கிரீசையும் சேர்த்தே கழுவிவிடும். பிசுக்கு நீக்கியைக் குப்பியில் அச்சிட்ட அளவுப்படி நீரில் கலக்குங்கள். நான் வழக்கமாக ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்ப்பேன். அதை எஞ்சின்மீது தெளிக்காமல் துணியிலோ தூரிகையிலோ தெளித்து, கை அகலம் கை அகலமாகத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் நீரில் நனைத்துப் பிழிந்த வேறு துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரத்துக்கான அமிலக் கலவைகளையும் காரம் மிகுந்த அடுப்படிப் பிசுக்கு நீக்கிகளையும் இங்கே கொண்டுவர வேண்டாம்; அலுமினியம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். ரப்பர் பெல்ட்டில் எதுவும் படக் கூடாது. பட்டால் மறுநாள் காலை எஞ்சினை முடுக்கும்போது அது எழுப்பும் கிறீச்சொலி புளோக் முழுவதையும் எழுப்பிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம், விரல் பட்டாலே வளையக்கூடியவை அவை.

எல்லாவற்றையும்விட உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்; விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டும், நண்பகலுக்குப் பிறகுதான் 60 விழுக்காட்டின் பக்கம் இறங்கும். பலமாடிக் கார்ப்பேட்டையின் நிழலில் மாலையில் நனைத்த எஞ்சின் இரவெல்லாம் நனைந்தபடியே இருக்கும். எனவே காலையில் தொடங்கி நண்பகலுக்குள் துடைத்து முடித்து, புளோயரால் மூலை முடுக்குகளில் காற்றை ஊதி, மூடிய பைகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்து, பானெட்டை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். பிறகு பேட்டரியைப் பூட்டி எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பானெட்டை மூடுவதற்கு முன் துணிகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து துணி கொண்டுவந்திருந்தால் ஐந்தும் கையில் இருக்க வேண்டும். புகைக்குழாய்மீது மறந்துவிட்ட ஒரு துணி காரையே எரித்துவிடப் போதுமானது.

சென்ற மாதம் ஜொகூருக்குப் போனபோது சாலையோரக் கார் கழுவும் இடம் ஒன்றில் காரை விட்டிருந்தேன். கேட்காமலேயே பானெட்டைத் திறந்து எஞ்சினையும் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். திரும்பும் வழியில் கார் உதறியது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிட்டது. இனி கவலை இல்லையா?
– வாசகர், ஈசூன்

எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் எஞ்சின் தலைப்பகுதியில் ஆழமான குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அழுத்தத்தோடு வந்த நீர் மேலிருக்கும் ரப்பர் உறையைத் தாண்டிக் குழிக்குள் இறங்கியிருக்கும். இறங்கிய நீருக்கு வெளியேற வழி கிடையாது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். அது பிளக்கின் முனையில் பொறியாக வெடிப்பதற்குப் பதிலாக ஈரத்தின் வழியே குழியின் சுவருக்குத் தாவிவிடுகிறது. எஞ்சினின் அந்த உருளையில் (சிலிண்டரில்) எரிபொருள் எரியவில்லை. கார் உதறியதன் காரணம் இதுவே.

அணையாமல் எரியும் எஞ்சின் விளக்கும், விட்டுவிட்டு எரியும் எஞ்சின் விளக்கும் ஒன்றல்ல என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் எல்லா வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். முன்னது, விரைவில் பட்டறைக்குப் போகச் சொல்கிறது. பின்னது, எரியாத எரிபொருள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று எச்சரிக்கிறது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கடற்பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் காரில் நீர் சூட்டில் ஆவியாகிப் போயிருக்கிறது. ஆனால் அது விட்டுச்சென்ற துரு போயிருக்காது. அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் காயில்களைக் கழற்றி, குழிகளைப் பார்த்து, ரப்பர் உறைகளில் வெண்மையான அல்லது கருகிய கோடுகள் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இனி எல்லை தாண்டிக் கார் கழுவும்போது, பானெட்டைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வேலை செய்பவர் நல்லெண்ணத்தோடுதான் கழுவியிருப்பார். அவர் கையில் இருப்பது ஒரே குழாய், அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்.

லாரி ஓட்டுநராக இருந்த என் அப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எஞ்சினைப் பளிச்சென்று வைத்திருப்பார். அதை இப்போதும் செய்யலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

உங்கள் அப்பா காலத்து லாரி எஞ்சினில் இரும்பு அதிகம், ரப்பர் குறைவு, கணினி கிடையவே கிடையாது. அந்த எஞ்சினுக்கு அவர் செய்தது பொருந்தியிருக்கும். இன்றைய எஞ்சின் அறையில் காற்றுக் குழாய்கள், வெற்றிடக் குழாய்கள், இணைப்பி அடைப்புகள் என்று எங்கும் ரப்பர்தான். மண்ணெண்ணெய் பட்டால் பல வகை ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். அதைவிட முக்கியமானது தீ. பெட்ரோலை நினைத்தும் பார்க்க வேண்டாம். அதன் ஆவி அறை வெப்பத்திலேயே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும், மேலும் கார்ப்பேட்டையின் தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்த ஆவி தரையோடு தங்கி நிற்கும்.

இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எஞ்சின்மீது எலிப் புழுக்கைகளும், பானெட்டின் அடியில் இருக்கும் பஞ்சுத் தகட்டைப் பிய்த்துக் கட்டிய கூடும் இருந்தன. வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டேன். பாச்சை உருண்டை போட்டு வைக்கலாமா?
– வாசகர், அங் மோ கியோ

வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியது தவறு. உங்களை வருத்துவதற்காகச் சொல்லவில்லை. அடுத்து இதைச் செய்ய நினைத்திருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எலியின் சிறுநீரில் இருக்கும் நுண்ணுயிரி எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை உண்டாக்கக்கூடியது. கையில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் போகும். எலிகள் வேறு சில நோய்களையும் பரப்புகின்றன. ஆகவே எலி இருந்த இடத்தை உலர்ந்த நிலையில் பெருக்கவும் கூடாது, ஊதவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. நான் முதல் பதிலில் சொன்ன "முதலில் உலர்ந்த வேலை" என்ற முறை இந்த ஒரு சூழலில் தலைகீழாகிறது.

ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் பிளீச் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்து, காகிதத் துண்டுகளை அதில் நனைத்துப் புழுக்கைகள்மீதும் கூட்டின்மீதும் போர்த்தி ஐந்து நிமிடம் விட்டு, அப்படியே சுருட்டி எடுத்து இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிளீச் உலோகத்தை அரிக்கும் என்பதால் அந்த இடங்களை வெறும் நீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்துவிட வேண்டும். மின் இணைப்பிகள்மேல் பிளீச்சைத் தெளிக்கவே கூடாது. பின்னர் கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். எலிக்கு அது பிடித்தமான படுக்கை, நீங்கள் மூச்சுவிடும் காற்றும் அதன் வழியாகத்தான் வருகிறது. ஒருவேளை வேலை முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், உடல்வலி கண்டால் எலியின் கழிவைக் கையாண்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனிக் கம்பிகள். டார்ச் விளக்கை அடித்து ஒவ்வொரு கம்பியையும் பின்தொடருங்கள். செம்பு தெரியும்படி கடிபட்டிருந்தால் எஞ்சினை முடுக்காமல் பட்டறையை அழையுங்கள். ஒரு கம்பி இன்னொன்றைத் தொட்டால் ஃபியூஸ் போவதோடு நிற்காமல் கணினியும் போகலாம். புதிய கார்களின் கம்பி உறை சோயாவிலிருந்து செய்யப்படுவதால்தான் எலி கடிக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. சோயா வருவதற்கு முந்தைய கார்களிலும் எலி கடித்த கம்பிகளை நான் மாற்றியிருக்கிறேன். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். இரவில் இளஞ்சூட்டோடு இருக்கும் எஞ்சின் அறை அதற்குக் கூரை போட்ட வீடாகிறது.

பாச்சை உருண்டை வேண்டாம். எஞ்சின் அறையில் போட்டால் அதன் ஆவி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழியாகக் காருக்குள் வரும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி எனப்படும் நொதியின் பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாட்டுக்கான சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதை இளம் பெற்றோர் அறிவார்கள். எலி நஞ்சையும் பானெட்டுக்குள் வைக்காதீர்கள். தின்ற எலி காற்றுக் குழாய்க்குள் போய்ச் செத்தால் முகப்புப் பலகையையே கழற்ற வேண்டிவரும். அந்த வேலையை ஒருமுறை செய்தவர்கள் பிறகு எலிப் பொறியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டார்கள். புதினா எண்ணெய் ஒரு வாரம் மணக்கும், பிறகு எலி திரும்பும். மிளகாயின் காரப்பொருள் கலந்த நாடாவைக் கம்பிகளில் சுற்றுவது ஓரளவு பயன் தருகிறது. காரை நீண்ட நாள் அசையாமல் வைக்காதிருப்பதும், பின்னிருக்கையில் முறுக்குத் துணுக்குகள் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும், கார்ப்பேட்டையில் எலி நடமாட்டத்தை நகர மன்றத்துக்குத் தெரிவிப்பதும் இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளவை.

வாடகைக்கு எடுத்த ஹைப்ரிட் காரைத் தனியார் வாடகைச் சேவைக்கு ஓட்டுகிறேன். அதன் எஞ்சின் அறையையும் இதே முறையில் சுத்தம் செய்யலாமா?
– வாசகர், பொங்கோல்

தூசி தட்டுவதும், நன்றாகப் பிழிந்த துணியால் பிளாஸ்டிக் மூடிகளைத் துடைப்பதும் வரை செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கம்பிகள் எங்கே போகின்றனவோ அங்கெல்லாம் உங்கள் கை போகக் கூடாது. சாலைகளில் அதிகம் காணப்படும் ஹைப்ரிட் கார்களில் அந்தக் கம்பிகளில் இருப்பது 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம். இன்வெர்ட்டர் அதை இன்னும் உயர்த்துகிறது. 12 வோல்ட்டைப் போல இதை எண்ணிவிட முடியாது, உயிரையே எடுக்கும். மற்றொன்று, ஹைப்ரிட் கார் ஓசையின்றி "தயார்" நிலையில் இருக்கும்போது அணைந்துவிட்டதாக நினைத்துப் பானெட்டைத் திறந்தால், பேட்டரி குறைந்ததும் எஞ்சின் முன்னறிவிப்பின்றி முடுக்கிக்கொள்ளும். அணைத்துவிட்டுச் சாவியைத் தொலைவில் வையுங்கள். முழு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பதில்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஹைப்ரிட் கார்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கைக்கு அருகில் இருக்கும் ஒரு சிறு சல்லடை வழியாக இழுக்கப்படுகிறது. நாள் முழுவதும் பயணிகள் ஏறி இறங்கும் காரில் அதுதான் முதலில் தூசியால் அடைபடும்; அடைபட்டால் பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். எஞ்சின் அறையின் பளபளப்பில் செலவிட நினைக்கும் நேரத்தை அந்தச் சல்லடைக்குக் கொடுங்கள். கார் வாடகைக்கு எடுத்தது என்பதால், எதைச் செய்வதற்கு முன்பும் உரிமையாளரான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் போதுமா?
– வாசகி, செங்காங்

போதாது. ஒரு குவளை நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, இரு முனைகளின் கம்பிகளையும் கழற்றிய பிறகு, பழைய பல்துலக்கியால் அந்தக் கரைசலைத் தடவுங்கள். நுரை பொங்கினால் அமிலம் முறிகிறது என்று பொருள். நுரை அடங்கும்வரை தடவி, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, வாசலின் மெல்லிதாகப் பூசிப் பூட்டுங்கள். கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போய்விடக் கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அருகில் யாரும் சிகரெட் பிடிக்க விடாதீர்கள்.

கழுவிய நீரைக் கார்ப்பேட்டையின் ஓரத்து வடிகாலில் விடுவதில் என்ன தவறு? எப்படியும் சாக்கடைக்குத்தானே போகிறது?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

சாக்கடைக்குப் போவதில்லை. சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய்களும் மழைநீர் வடிகால்களும் தனித்தனி அமைப்புகள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. திறந்த வடிகாலில் விழுவது கால்வாய் வழியாகப் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதி மட்டுமே தீவின் ஆறில் ஒரு பங்கு. எஞ்சின் எண்ணெயும் பிசுக்கு நீக்கியும் கலந்த நீரை அந்த வடிகாலில் விடுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, நாம் குடிக்கும் நீரில் நாமே கலப்பதும் ஆகும். சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டைகளில் கார் கழுவுவதற்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே செய்யுங்கள். நான் மேலே சொன்ன துணி முறையில் வடிகாலுக்குப் போக நீரே இருக்காது. எண்ணெய் ஊறிய துணிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பத்தாண்டில் காலாவதியாகும் வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) இன்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பதா, காரை விற்றுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதுவானாலும் எஞ்சினைச் சுத்தம் செய்து, மினுக்கும் தெளிப்பானையும் அடித்து வைப்பது நல்லதுதானே?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

சுத்தம் செய்யுங்கள், மினுக்க வேண்டாம். பழைய கார் வாங்க வருபவர்களில் விவரம் தெரிந்தவர் யாரும் ஒன்பதரை வயதுக் கார் ஒன்றின் எஞ்சின் நேற்றுச் செய்ததுபோல் மின்னுவதைக் கண்டு மகிழ மாட்டார். எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். சிலிக்கன் கலந்த தெளிப்பான்கள் தூசியை மறுவாரமே ஒட்டிக்கொள்ளும். அவற்றின் ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால் ஆக்சிஜன் உணரியும் கெடக்கூடும். பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் நீர் சார்ந்த பூச்சைத் துணியில் எடுத்துத் தடவித் துடைத்துவிடுங்கள், அவ்வளவே.

புதுப்பிப்பதாக இருந்தால் சுத்தம் செய்வதற்கு வேறொரு பெரிய பயன் இருக்கிறது. பத்தாண்டைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே எங்கே கசிகிறது என்று அறிந்துகொள்வது உங்கள் செலவைக் குறைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு எங்கும் பரவியிருக்கும்போது கசிவின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. விசிறிக் காற்றும் ஓட்டக் காற்றும் ஒரு சொட்டு எண்ணெயை எஞ்சின் முழுவதும் பூசிவிடுகின்றன. துடைத்து முடித்த நாளில் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே கோணங்களில் மறுபடியும் படம் எடுங்கள். வால்வு மூடியின் விளிம்பில் பழுப்பு ஈரம் தெரிந்தால் அங்குள்ள கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு, இறுகிவிட்டது. பெரும்பாலும் சிறு செலவில் முடியும். ரேடியேட்டர் குழாய் பொருந்தும் இடத்தில் இளஞ்சிவப்போ பச்சையோ காய்ந்த பொடியாக ஒட்டியிருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அதன் இனிப்பு நாயையும் பூனையையும் இழுக்கும். குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். ஆகவே தரையில் சொட்டியிருந்தால் உடனே துடையுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், அதனால் முகம் வெந்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறப்பதற்கு முன்னும் சுற்றிலும் துடைத்து உலர்த்துங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், அதில் தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை இறங்கிவிடும்.

பூஜையன்று எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுப் பூச்சரம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதனால் கெடுதல் உண்டா?
– வாசகி, சிராங்கூன்

பானெட்டின் மேலே வைத்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே வைப்பதாக இருந்தால் எஞ்சினை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் ஒரு பொட்டு மட்டும் இட்டு, மாலைக்குள் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். பூச்சரத்தை உள்ளே வைக்க வேண்டாம். உதிர்ந்த இதழ்கள் பெல்ட்டிலும் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையிலும்தான் போய்ச் சேரும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து ஏற்றியபின் தரையைத் துடைத்துவிட்டால் பக்கத்துக் கார்க்காரருக்கும் மனக்குறை இருக்காது.

கற்பூரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அன்று காலையிலேயே டப்பாவில் வரும் தெளிப்பானால் எஞ்சினைத் துடைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்தபடி தட்டை ஏந்திச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தெளிப்பான்களில் பல எளிதில் தீப்பற்றக்கூடியவை. ஆவி மூலைகளில் தங்கியிருக்கும். துடைக்கும் வேலையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள், பானெட்டை மூடிவிட்டு, நான்கு அடி தள்ளி நின்று கற்பூரம் காட்டுங்கள், தட்டு அணைந்த பிறகு எஞ்சினை முடுக்குங்கள்.